இரண்டாவது தடவை கேட்ட பூ

மாடியில் குடியிருக்கும் பெண் இன்று காலை இறங்கி வந்து, "ஆன்ட்டி, உங்க வீட்டுல வாழைநார் இருக்குமா?" என்று கேட்டாள். அவள் கணவன் கனடாவுக்கு விண்ணப்பம் போடலாமா, வேண்டாமா என்று கோயிலில் பூ கேட்கப் போகிறார்களாம். இன்றைய ராஜபாளையத்தில் நினைத்த நேரத்துக்கு எல்லாம் வீடு தேடி வந்துவிடுகிறது, வாழைநாரைத் தவிர. கொல்லை வாழையில் உரித்து, தண்ணீரில் நனைத்துக் கொடுத்தேன். நான் சாமி கும்பிடாதவள் என்று அவளுக்குத் தெரியும். அதனால் நாரை வாங்கும்போது கொஞ்சம் சங்கடப்பட்டாள். நாருக்கு ஏதம்மா கட்சி?

பூ கேட்பது என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். ஒரு வெள்ளைப் பூவையும் ஒரு சிவப்புப் பூவையும் தனித்தனியே இலையில் மடித்து, அடையாளம் தெரியாதபடி ஒரே மாதிரி நாரால் கட்டிச் சாமி முன்னால் போடுவார்கள். விவரம் தெரியாத குழந்தை ஒன்று, ஏதாவது ஒரு பொட்டலத்தை எடுக்கும். வெள்ளை என்றால் சம்மதம். சிவப்பு என்றால் வேண்டாம். சில வீடுகளில் சிவப்புதான் சம்மதம், வெள்ளை ஆகாது. ஒரே தெருவில் இரண்டு வழக்கமும் உண்டு. சாமி எந்த வீட்டுக்கு எந்த அகராதி என்று நினைவில் வைத்துக்கொண்டுதான் பதில் சொல்ல வேண்டும்.

நனைந்த நாருக்கு ஒரு வாசனை இருக்கிறது. ஈரமும் லேசான துவர்ப்பும் கலந்த வாசனை. நான் வேலை பார்த்த நூல் மில்லிலும் ஏறக்குறைய இதே வாசனைதான். பஞ்சு காய்ந்தால் இழை அறுந்துபோகும் என்று உள்ளே காற்றை எந்நேரமும் ஈரமாகவே வைத்திருப்பார்கள். எனக்கு லேப்பில் வேலை. நூலை அளந்து, நிறுத்து, அதன் பருமனைக் குறிப்பது. மில் பேச்சில் அதற்குப் பெயர் கவுண்ட் பார்ப்பது. சேர்ந்த முதல் வாரம் ஒரே ஒரு கோனில் நூலெடுத்து, ஒரே ஒரு தடவை நிறுத்து, அழகான கையெழுத்தில் ரிப்போர்ட் எழுதிக்கொண்டுபோய் நீட்டினேன். லேப் இன்சார்ஜ் அதை இரண்டாகக் கிழித்தார். "ஒரு ரீடிங் ரீடிங்கே இல்லம்மா. அது ஜோசியம்" என்றார். அந்தப் பேச்சு எனக்குள் இறங்கி உட்கார்ந்துகொண்டது. அது எவ்வளவு ஆபத்தான பேச்சு என்று பிறகுதான் தெரிந்தது.

அதே மில்லில் ஒரு எலெக்ட்ரீசியன் இருந்தார். லேப்பில் ட்யூப்லைட் அடிக்கடி கெட்டுப்போக ஆரம்பித்ததும், ஒவ்வொரு தடவையும் அவரே ஏணியோடு வந்து நின்றதும் எங்கள் கதையின் முதல் பாகம். இரண்டாம் பாகத்தில் அவருடைய அப்பா வந்தார்.

எதைச் சொன்னாலும் நாள் கிழமையோடு சொல்வது என் வழக்கம். வருஷத்தைச் சொன்னால் என் வயதைக் கணக்குப் போட்டுவிடுவீர்கள். அதை மட்டும் விட்டுவிடுகிறேன். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆடிப்பூரத் தேர் நிலைக்கு வந்து சேர்ந்த மறு ஞாயிறு, பெண் பார்க்க வந்தார்கள். அது அதற்கும் அடுத்த ஞாயிறு என்பார் என் கணவர். கல்யாண நாளையே மறந்த மனிதர். அவர் சொல்வதை நம்ப வேண்டாம்.

மாமா, அதாவது அவருடைய அப்பா, ஸ்ரீவில்லிபுத்தூரில் சைக்கிள் கடை வைத்திருந்தார். நெற்றியில் விபூதி, சட்டைப் பையில் ஸ்பேனர். உட்கார்ந்ததும் நேராக விஷயத்துக்கு வந்தார்.

"சாமி கும்புட மாட்டியாமே தாயி?"

என் அம்மா காப்பித் தட்டை எங்கள் நடுவே நீட்டினாள். "ஆமா மாமா" என்றேன்.

"ஏன்?"

அதுவரை என்னை எத்தனையோ பேர் திட்டியிருக்கிறார்கள், பயமுறுத்தியிருக்கிறார்கள், சாமி கண்ணைக் குத்தும் என்று சொல்லியிருக்கிறார்கள். ஏன் என்று ஒருவரும் கேட்டதில்லை. கேட்டதும் எனக்கு வந்த சந்தோஷத்தில், பெண் பார்க்க வந்திருக்கிறார்கள் என்பதே மறந்துவிட்டது.

மழையைப் பற்றிச் சொன்னேன். என் அம்மா பிறந்த ஊர் சுந்தரபாண்டியம். மாமன்மார்களுக்கு அங்கே வயல். மழை இல்லையென்றால் அந்த வருஷம் அவர்களுக்கு ஒன்றுமில்லை. அப்பாவுக்கோ ஆலங்குளம் பக்கத்துச் சுண்ணாம்புக்கல் குவாரியில் வேலை. மழை பெய்தால் குழியில் தண்ணீர் நிற்கும், வேலை நிற்கும், கூலியும் நிற்கும். ஐப்பசி பிறந்துவிட்டால் போதும். அம்மா மழை வேண்டும் என்று கும்பிடுவாள், அப்பா வேண்டாம் என்று கும்பிடுவார். ஒரே விளக்கு, ஒரே படம். பெய்தால் அம்மா சூடம் கொளுத்துவாள். பெய்யாவிட்டால் அப்பா கொளுத்துவார். எப்படிப் போனாலும் எங்கள் வீட்டில் நிச்சயமாக ஜெயித்தது சூடம் விற்ற கடைக்காரர்தான்.

மாமா தொடையில் தட்டிச் சிரித்தார். அந்த உற்சாகத்தில் பள்ளிக்கூடத் தோழியையும் இழுத்தேன். அவள் சர்ச்சில் மெழுகுவர்த்தி ஏற்றிப் பாஸானாள். என் பெரியப்பா மகள் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துப் பாஸானாள். யாரிடமும் எதுவும் சொல்லாமல் நானும் பாஸானேன். என் மார்க்குக்கு மட்டும் சொந்தம் கொண்டாட ஆளில்லை.

மூன்றாவது காரணத்தை அந்த வேளையில் பேசியிருக்க வேண்டாம். பேசினேன். எங்கள் தெருவில் ஒரு சின்னப் பிள்ளை காய்ச்சலில் போய்விட்டது. அதன் அம்மா வேண்டாத சாமி இல்லை. "சாமி கூப்பிட்டுக்கிட்டாரு" என்றார்கள். அதே வாரம் எதிர்வீட்டுப் பிள்ளை அதே காய்ச்சலில் பிழைத்தது. "சாமி காப்பாத்திட்டாரு" என்றார்கள், அதே ஆட்கள்.

மாமா சிரிக்கவில்லை. டம்ளரைக் கீழே வைத்தார். "அதுக்கு என்கிட்ட பதில் இல்ல தாயி. மத்த ரெண்டுக்கும் யோசிச்சுட்டு வாரேன்" என்றார். எழுந்திருக்கும்போது சொன்னார்: "எங்களுக்குப் புள்ளையப் பிடிச்சிருக்கு. ஆனா குலதெய்வத்துக்கிட்ட பூ கேட்டுத்தான் எதுவும். அம்மன் வேண்டாம்னா நான் மீற மாட்டேன். அதையும் இப்பமே சொல்லிருதேன்."

ஏணிக்காரரின் முகத்தைப் பார்த்தேன். அவர் விட்டத்தில் ட்யூப்லைட்டைத் தேடிக்கொண்டிருந்தார்.

அவர்கள் குலதெய்வம் கான்சாபுரம் தாண்டி, வயலுக்கு நடுவே, ஒரு சின்ன ஓட்டுக் கட்டடத்தில் இருந்தது. பூ கேட்கும்போது பெண்ணை அழைத்துப் போவது வழக்கமில்லை. "சாமி இல்லேங்கிற புள்ள கண்ணால பாக்கட்டும்" என்று மாமாதான் பிடிவாதமாக என்னை வரச் சொன்னார். ஆவணி மாத வெள்ளிக்கிழமை. பொங்கல் வேகும் புகை, பக்கத்துக் கிணற்றில் மோட்டார் சத்தம். பூசாரி பொட்டலங்களைப் போட்டார். மாமாவின் பேத்தி, பேச்சு வராத வயது, தவழ்ந்து போய் ஒன்றை எடுத்து வாயில் வைத்தது. பிடுங்கிப் பிரித்தார்கள்.

வெள்ளை.

மாமாவின் தங்கை குலவை போட்டார். என் அம்மா கண்ணைத் துடைத்தாள். ஏணிக்காரர் முதல்முறையாக எல்லோருக்கும் முன்னால் என்னை நேராகப் பார்த்துச் சிரித்தார். நானும் சிரித்துவிட்டுப் பேசாமல் இருந்திருக்கலாம். என் வாயிலிருந்து வந்தது இதுதான்:

"இன்னொரு தடவை பாத்துக்கிடலாமே மாமா."

அம்மா என் இடுப்பில் கிள்ளியது இன்றும் வலிக்கிறது.

"ஏட்டி, என்ன சொல்லுத நீ?" என்றார் மாமாவின் தங்கை.

"மில்லுல ஒரு ரீடிங்க நம்ப மாட்டோம் சித்தி."

"சாமிகிட்ட ரீடிங்கா? நல்லா எடுத்தீய அண்ணே பொண்ணு."

மாமா தங்கையைக் கையமர்த்தினார். அவருக்கு இது பிடித்திருந்தது என்பது எனக்குத் தெரிந்தது. "கேப்போம். மெய்யான சாமி எம்புட்டுத் தடவை கேட்டாலும் ஒண்ணத்தான் சொல்லும்" என்றார். பூசாரி முணுமுணுத்துக்கொண்டே மறுபடி மடித்துக் கட்டினார். குழந்தையை மறுபடி இறக்கிவிட்டார்கள்.

சிவப்பு.

மாமாவின் தங்கை பூக்கூடையை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டார். "போதும்ல? வண்டிய எடுக்கச் சொல்லுங்க."

ஏணிக்காரர் என்னைப் பார்க்கவில்லை. தன் கால்விரலைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாதத்தில் நான் ஜெயித்துவிட்டேன். ஒரே கேள்விக்கு இரண்டு பதில், அதுவும் சாமியின் சொந்த வீட்டிலேயே. இதைவிடத் தெளிவான நிரூபணம் எந்த நாத்திகருக்காவது கிடைத்திருக்குமா? எனக்கோ அந்தச் சிவப்புப் பூவை மறுபடி இலைக்குள் மடித்துவிட வேண்டும் போலிருந்தது.

"சொல்லு தாயி, ஒண்ணுக்கு ஒண்ணு மாறி வந்தா உங்க மில்லுல என்ன செய்வீய?" என்றார் மாமா.

மூன்றாவது தடவை பார்ப்போம். அதுதான் பதில். இரண்டு பொட்டலத்தில் ஒன்று என்பதற்கு மேல் அங்கே எதுவுமே இல்லை என்று அறிவு சொல்கிறது. அந்த இரண்டில் ஒன்றுக்குள்தான் ஏணிக்காரர் இருக்கிறார் என்று மற்றதெல்லாம் சொல்கிறது. இல்லாத ஒருவரின் பதிலுக்குப் பயந்து, வாயை மூடிக்கொண்டு நின்றேன்.

மாமா விபூதியை எடுத்துப் பூசிக்கொண்டார். மெதுவாகத் தங்கை பக்கம் திரும்பினார்.

"மொதத் தடவை கேட்டது யாரு? நானு. எனக்குச் சாமி உண்டு. சரின்னு சொல்லிட்டா. ரெண்டாந்தடவை கேட்டது இந்தப் புள்ள. இவளுக்குத்தான் சாமியே இல்லையே. இல்லாத சாமி சொன்ன பதில நான் எதுக்கு எடுத்துக்கிடணும்?"

"அண்ணே, சாமி குத்தம் ஆயிரும்."

"குத்தம்னா எனக்குத்தான? நான் பேசிக்கிடுதேன் அவகிட்ட."

நான் வாயைத் திறந்தேன். அந்த வாதத்தில் ஒரு ஓட்டை இருக்கிறது என்று தெரிந்தது. எங்கே என்று தேட எனக்கு அன்றைக்கு விருப்பமில்லை. மாமா அண்டாவிலிருந்து பொங்கலை இலையில் வைத்து என்னிடம் நீட்டினார். "சாப்புடு. எங்களுக்குப் பிரசாதம், உனக்கு வெறும் பொங்கச் சோறு." வெறும் சோறே அவ்வளவு ருசியாக இருந்தது.

கல்யாணத்துக்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்கள் எங்களுக்கென்று ஆகிவிட்டன. நாங்கள் ராஜபாளையத்திலிருந்து பஸ் ஏறிப் போவோம். இலை போட்டு உட்கார்ந்ததும் ஆரம்பித்துவிடும். "எந்தப் பூ வந்தாலும் பொருந்துற மாதிரி ஒரு பதில் வச்சிருக்கீய மாமா. எப்படி வந்தாலும் சரிங்கிற பதில் பதிலே இல்ல" என்பேன். "உன் அத்தையும் அப்படித்தான் பேசுதா. அதுக்காக அவ இல்லேன்னு சொல்லிர முடியுமா?" என்பார். உள்ளேயிருந்து அத்தை, என் மாமியார், கரண்டியோடு எட்டிப் பார்ப்பார். நான் படித்த புத்தகங்களையெல்லாம் மாமா வாங்கி வைத்து, ஓரத்தில் பென்சிலால் "தப்பு" என்று எழுதித் திருப்பித் தருவார். என் மூன்றாவது காரணத்தை மட்டும் அவர் கடைசிவரை தொடவே இல்லை. பதில் இல்லாததைப் பதில் இல்லை என்று விட்டுவைக்கிற அந்த நேர்மையை, சாமி இல்லை என்கிற என் பக்கத்து ஆட்களிடம்கூட நான் அதிகம் பார்த்ததில்லை.

ஒரு புதன்கிழமை மாமா மில் வாசலில் வந்து நின்றார். வாட்ச்மேன் பதறி ஓடி வந்து, வீட்டில் ஏதோ ஆகிவிட்டது போல என்றார். நான் அரை உயிராக ஓடினேன். மாமா முகமெல்லாம் வெளிச்சமாக நின்றார்.

"மழைக்குப் பதில் கெடைச்சிருச்சு தாயி. உங்க அம்மைக்கு ஒரு வருசம், உங்க ஐயாவுக்கு ஒரு வருசம்னு மாத்தி மாத்திக் குடுத்திருக்கா பாரு. ஒரு வீட்டையும் பட்டினி போடல."

"அத மேகமே செஞ்சிருமே மாமா."

அவர் யோசித்தார். "அப்படி ஒண்ணு இருக்கோ" என்றார். காப்பிகூடக் குடிக்காமல் அடுத்த பஸ்ஸில் ஏறினார். ஜன்னல் வழியாகக் கையை ஆட்டிக்கொண்டே போனார்.

ஒரு பங்குனியில் மாமா போய்விட்டார். இன்று என் வீட்டில் எல்லோரும் என்னை மதிக்கிறார்கள். கோயிலுக்குப் போகும்போது என்னைக் கூப்பிடுவதில்லை, வற்புறுத்துவதில்லை, கேலி செய்வதில்லை. யாராவது கேட்டால், "அம்மா அப்படித்தான்" என்று மகன் சொல்லிவிடுகிறான். ஏன் என்று யாரும் கேட்பதில்லை.

போன ஞாயிறு மத்தியானம் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்திருந்தோம். நான் வேண்டுமென்றே, கொஞ்சம் சத்தமாகவே, "சாமியெல்லாம் ஒண்ணும் கிடையாது" என்றேன்.

"சரி அத்தை" என்றாள் மருமகள். "ரசம் ஊத்தவா?"

ஊற்றச் சொன்னேன்.