மூன்று சுற்றுக் கறுப்பு டேப்

அந்த மடிக்கணினியின் பற்றரி மறுபடியும் என் மேசையில் கிடந்தது. விளிம்பில் நகத்தை ஓட்டிப் பார்த்தேன். மூட்டு தட்டுப்படவில்லை. அத்தனை கச்சிதமாக ஒட்டியவன் நான்தான். எதிரே நின்றவள் சேரின் மகள். அப்பாவின் ஆண்டுத் திவசத்துக்காகக் கனடாவிலிருந்து கண்டிக்கு வந்திருந்தாள்.

சேர் யாழ்ப்பாணத்துக்காரர், கண்டியில் கணிதம் படிப்பித்தவர். ஹேவாஹெட்டத் தோட்டத்திலிருந்து வந்து, பழுதானவற்றைப் பிரித்துப் பிரித்தே தொழில் பழகிய என்மேல் அவருக்கு ஏனோ ஒரு வாரப்பாடு. "விடை பிழைச்சாலும் வழி வடிவா இருக்கோணும் தம்பி, வழிக்கும் நான் புள்ளி போடுவன்" என்பார். யுத்தக் காலத்தில் ஒரு பின்னேரம் அவர் இந்தக் கணினியோடு வந்தார். மறுநாள் மகள் கொழும்பிலிருந்து விமானம் ஏறுகிறாள், அவள் கையில் கொடுத்தனுப்ப வேண்டும். பற்றரியோ செத்திருந்தது. புதிது கண்டியில் கிடைக்கவில்லை.

திருகாணியே இல்லாமல் ஒட்டி மூடிய பெட்டி அது. மெல்லிய சவரப் பிளேட்டை மூட்டில் செருகி, பிளாஸ்டிக் வெடித்துவிடாமல் மூச்சைப் பிடித்துக்கொண்டு திறந்தேன். உள்ளே ஆறு செல்கள். அவற்றை எடுத்துவிட்டுப் புதியவற்றைப் பொருத்தினேன்.

"பசை காய ஒரு நாள் வேணும் சேர்."

"விடிய கொழும்பு பஸ் தம்பி. பிளேன் எனக்காக நிக்குமே?" என்று சிரித்தார்.

கழன்றுவிடக் கூடாதே என்று கறுப்பு டேப்பை மூன்று சுற்றுச் சுற்றிக் கொடுத்தேன். அதே டேப்போடு எத்தனையோ சிங்கள வாடிக்கையாளர்கள் போய் வந்திருக்கிறார்கள், ஒருவரையும் ஒருவரும் மறித்ததில்லை. நானும் தமிழன்தான். அடையாள அட்டையை நீட்டி நானும் வரிசையில் நின்றிருக்கிறேன். அப்படியிருந்தும், இந்த டேப்போடு போகிறவர் ஒரு தமிழர் என்பது அந்த நேரம் எனக்குத் தோன்றவில்லையே.

போகும் வழியில் சோதனைச்சாவடியில் சேரின் பையைத் திறந்திருக்கிறார்கள். டேப் சுற்றிய கறுப்புப் பெட்டி, உள்ளே வயர், அட்டையில் யாழ்ப்பாணம். குண்டென்று சந்தேகித்துப் பதினொரு மாதம் அவரை உள்ளே வைத்திருந்தார்கள். மகள் போய்விட்டாள்.

விடுபட்ட பிறகு சேர் கடைக்கு வந்தார். சட்டை அவர்மேல் தொங்கியது. அவர்கள் உடைத்துப் பார்த்த பற்றரிப் பெட்டியை மேசையில் வைத்தார். நான் தலை நிமிரவில்லை.

"உம்மட வழி சரி தம்பி. விடைதான் பிழைச்சுப்போச்சு" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஆள் ஒண்டு கனடாவுக்குப் போகுது, குடுத்துவிடப் போறன். திறந்த அடையாளமே தெரியப்படாது. அண்டைக்கு எனக்குக் காய்ச்சல் எண்டுதான் வீட்டில பிள்ளைக்குச் சொல்லியிருக்கு. தெரிஞ்சா, தன்னாலதான் எண்டு அழுவாள். நீரும் சொல்லக்கூடாது" என்றார்.

வெடிப்புகளை நிரப்பித் தேய்த்து, உடுப்புக் காயப்போடும் கிளிப்புகளால் இறுக்கி, இரண்டு நாள் காயவிட்டேன். என் வாழ்நாளில் அவ்வளவு நேர்த்தியாக வேறெதையும் மூடியதில்லை.

"திரும்பவும் செத்துப்போச்சு அண்ணா. செல் மாத்தித் தருவீங்களே? ஒருத்தரும் திறக்காத பெட்டி போல கிடக்கு" என்றாள் இப்போது எதிரே நின்ற மகள். பெட்டியை என் பக்கம் நகர்த்திவிட்டுத் தொடர்ந்தாள். "அண்டைக்கு அப்பா வழியனுப்ப வரேல்லை. காய்ச்சலாம். பிறகும் ஒரு வருசம் போனிலயும் கதைக்கேல்லை. நான் போறது அவருக்கு விருப்பமில்லை, அந்தக் கோவம்தான். கேக்காமலே விட்டுட்டன். இப்ப யாரிட்டக் கேக்கிறது?"

பிளேட்டைக் கையில் எடுத்திருந்தேன். சேர், இந்த வழிக்கு நீங்கள் எனக்குப் புள்ளி போடமாட்டீர்கள்.

பிளேட்டைக் கீழே வைத்துவிட்டுக் கதிரையை இழுத்துப் போட்டேன்.

"ஒக்காருங்க தங்கச்சி. இத மொதல்ல தொறந்தது நான்தான்."