பைக்குள் திரும்பிப் போன கடிதம்

வருகைப் பதிவில் நான் கறார் என்று எங்கள் தமிழ்ப்பள்ளியில் பெயர். வகுப்புக்குள் நுழைந்ததும் புத்தகத்தைத் தொடுவதற்கு முன் பெயர் கூப்பிடுவேன். "மூணு நாள் சேர்ந்தாப்ல வரலைன்னா வீட்டுக்கு லெட்டர் வரும். அப்புறமும் வரலைன்னா அம்மா அப்பா ஆபீசுல வந்து நிக்கணும், ஞாபகம் இருக்கட்டும்!" என்று ஆண்டுத் தொடக்கத்திலேயே மிரட்டி வைப்பேன். உண்மையில் என் கோபமெல்லாம் வாயோடு சரி. அது என்னோடு வேலை செய்பவர்களுக்குத் தெரியும், பிள்ளைகளுக்குத் தெரியாது.

ஆறு வருடங்களுக்கு முன் என் ஆறாம் ஆண்டு வகுப்பில் ஒரு பெண்பிள்ளை இருந்தாள். கணக்கில் கெட்டிக்காரி. மலாய்தான் கொஞ்சம் இடிக்கும். ஆண்டின் நடுவிலிருந்து அவளுடைய இடம் அடிக்கடி காலியாகக் கிடந்தது. காலையில் அவள் அம்மாவின் கைப்பேசியிலிருந்து செய்தி வந்துவிடும். "காய்ச்சல் டீச்சர்." அடுத்த வாரம் வயிற்று வலி, அதற்கடுத்த வாரம் மறுபடியும் காய்ச்சல். ஒரு பிள்ளைக்கு இத்தனை காய்ச்சலா என்று எனக்கு எரிச்சல்தான் வந்தது.

ஒரு வாரம் முழுக்க அவள் வரவில்லை. அலுவலகத்தில் எச்சரிக்கைக் கடிதம் அடித்து, தலைமையாசிரியர் கையெழுத்தும் போட்டுவிட்டார். வழக்கமாக அது தபாலில் போகும். அவர்கள் வீடு ஆயர் ஈத்தாம் பிளாட்டில், நான் போகும் வழி. "நானே குடுத்துர்றேன் சார்" என்று வாங்கிப் பையில் வைத்துக்கொண்டேன். தபாலில் போயிருக்க வேண்டியதைக் கையில் வாங்கியது யார் குற்றம்? என் குற்றம்தான்.

கதவைத் திறந்தவள் அந்தப் பிள்ளைதான். இடுப்பில் ஒரு வயதுத் தம்பி. வீட்டு உடை, ஆனால் தலையில் பள்ளிக்குப் போவதுபோல் நடுவகிடு எடுத்து ரிப்பன் கட்டிய இரட்டைப் பின்னல். காய்ச்சலுக்கான அறிகுறி எதுவும் இல்லை. அவள் அம்மா பாயான் லெப்பாஸிலிருந்து பேக்டரி பஸ்ஸில் அப்போதுதான் வந்து இறங்கியிருந்தார், உடுப்புகூட மாற்றவில்லை. நான் கடிதத்தைப் பையிலிருந்து எடுத்ததும் அழ ஆரம்பித்துவிட்டார்.

"சின்னவனப் பாத்துக்க ஆள் கிடைக்கல டீச்சர். இவங்க அப்பா லோரி எடுத்துக்கிட்டு ஜோகூர் பக்கம் போனா வாரக் கணக்குல வரமாட்டாரு. புள்ளை ஸ்கூலுக்குப் போகலன்னு தெரிஞ்சா என் வேலையத்தான் நிப்பாட்டுவாரு. ரெண்டு மாசம் டீச்சர், அதுக்குள்ள ஆள் பாத்துர்றேன். லெட்டர் மட்டும் வேணாம். நீங்களும் நம்ம ஆளு, கொஞ்சம் பாத்துச் செய்யுங்க லா."

நம்ம ஆளு. அந்த வார்த்தையில் நான் உருகிப்போனேன். எங்கள் பள்ளியில் எல்லாமே இப்படித்தான். யாரையும் தாளை நீட்டி மிரட்ட மனம் வராது, சொந்தக்காரர்போல் பேசி முடித்துவிடுவோம். கடிதத்தை மடித்துப் பைக்குள் வைத்தேன். சமையலறை வாசலில் நின்ற பிள்ளை என் கையைப் பார்த்தாள், பிறகு என் முகத்தைப் பார்த்தாள். "டீ போடட்டுமா டீச்சர்?" என்று மெதுவாகக் கேட்டாள். அதை நான் நன்றி என்று எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் பதிவில் அந்த வாரத்துக்கெல்லாம் 'காரணத்தோடு' என்று போட்டேன். காரணம் இருந்தால் கடிதம் போகாது. பிறகு வந்த ஒவ்வொரு காய்ச்சலுக்கும் அதையே செய்தேன். பெரிய உதவி செய்துவிட்டதாக எனக்குள் ஒரு பெருமை வேறு. இரண்டு மாதம் என்றது ஆண்டு முடியும்வரை இழுத்தது. தேர்வில் மலாய் போய்விட்டது. இடைநிலைப்பள்ளியில் அவளை, மலாயில் தேறாதவர்கள் ஓராண்டு கூடுதலாக உட்காரும் புகுமுக வகுப்பில் போட்டார்கள். சில வாரங்களில் நோய்த்தொற்று வந்து பள்ளிகளை மூடினார்கள். திறந்தபோது அவள் திரும்பிப் போகவில்லை என்று கேள்விப்பட்டேன். நான் போய்ப் பார்க்கவில்லை. அடுத்த வகுப்பு, அடுத்த பிள்ளைகள் என்று நாட்கள் ஓடின.

இந்த ஆண்டு எனக்கு ஒன்றாம் ஆண்டு வகுப்பைக் கொடுத்தார்கள். முதல் நாள் ஒரு பையனைக் கையில் பிடித்துக்கொண்டு ஒரு பெண் வந்து நின்றாள். மினிமார்க்கெட் சட்டை, பெயர் அட்டை. தலையில் அதே நடுவகிடு. அந்த ஒரு வயதுத் தம்பிக்கு இப்போது ஏழு வயது.

"படிப்ப விட்டுட்டியாமே" என்றேன். வேறு என்ன கேட்பதென்று தெரியவில்லை. அவள் கோபப்படவில்லை. தம்பியின் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டே பேசினாள்.

"அந்த வருஷம் தினமும் கீழ போய் தபால் பெட்டியத் தொறந்து பாப்பேன் டீச்சர். எத்தன நாள் வரலன்னு காலண்டர்ல கோடு போட்டு எண்ணுவேன். நீங்கதான சொன்னீங்க, லெட்டர் வரும்னு. வந்தா அப்பா பாத்துட்டு என்னைய அனுப்பிருவாருன்னு நெனச்சேன். நானா சொன்னா அம்மாவக் காட்டிக் குடுத்த மாதிரி ஆயிரும். அப்புறம் நீங்களே கையில கொண்டு வந்தீங்களா, அன்னிக்கு எனக்கு எவ்ளோ சந்தோஷம் தெரியுமா."

என் மிரட்டலை நம்பிக் காத்திருந்த பிள்ளை அவள். இரக்கம் என்று இத்தனை நாள் நான் சொல்லிக்கொண்டது இரக்கமே இல்லை. ஒரு தாய் என் எதிரில் அழுவதைப் பார்க்கச் சகிக்காமல், வாய்விட்டு அழாத பிள்ளையைக் கைவிட்டிருக்கிறேன். மன்னித்துவிடு என்று சொல்வதற்குப் பதில், பதிவேட்டைத் திறந்து அவள் தம்பியின் பெயரைத் தேடினேன்.

அவள் தம்பியை வரிசையில் நிறுத்திவிட்டு, வேலைக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பினாள். நாலு அடி போய்த் திரும்பி வந்தாள்.

"இவன் வரலைன்னா லெட்டர தபால்ல போட்டுருங்க டீச்சர். கையில கொண்டு வராதீங்க."