ஒன்பதும் ஒரே அச்சு

படங்களுக்குச் சட்டம் போடும் கடையில் இருபது வருஷமாக மரம் அறுத்தவள் அவள். ஒரு மில்லிமீட்டர் பிசகினாலும் பலகையைத் தூக்கி ஓரம் போட்டுவிடுவாள். அதனாலேயே கடையில் அவளுக்கு மில்லி அக்கா என்று பெயர். தெருவிலும் அதுவே ஒட்டிக்கொண்டது.

தேனீக்காரர் ஒருவர் அவளிடம்தான் மரம் அறுத்துக்கொள்வார். ஒருநாள் வந்து, "கல்யாணமாகாத ராணிகளுக்குத் தனிக்குடித்தனம் வைக்கணும்மா. சின்னதா ஒன்பது பெட்டி வேணும்" என்றார். பெட்டிக்குத் தேனடை கட்ட உள்ளங்கையளவில் மூன்று சட்டம், ஒரு கோப்பை இளந்தேனீ, பொரியத் தயாரான ஒரு ராணிக்கூடு. பிறக்கும் ராணி ஒரு வாரத்தில் வெளியே பறந்து, வானத்திலேயே ஆண்தேனீக்களோடு சேர்ந்துவிட்டுத் திரும்பி வந்து முட்டையிடும். அப்புறம் அதைப் பெரிய பெட்டிக்கு மாற்றிவிடலாம். தன்னிடம் இடமில்லை, அவள் வீட்டுப் பின்பக்கம் வைத்துப் பார்த்துக்கொள்ள முடியுமா என்று கேட்டார். அவளும் தலையாட்டிவிட்டாள்.

ஒன்பதும் ஒரே பலகை, ஒரே சாம்பல் வண்ணம், ஒரே அளவு வாசல். நூல் பிடித்துச் சுவரோரம் வரிசையாக வைத்தாள்.

"என்ன அண்ணி இது, பேங்க் லாக்கரா?" என்றாள் கூடவே இருந்த நாத்தனார்.

பதினைந்தாம் நாள் திறந்தால் நான்கில்தான் ராணி. மற்ற ஐந்தில் ராணி இருந்த சுவடே இல்லை. இன்னும் இரண்டு வாரம் பொறுத்துப் பார்த்தாள். ராணியில்லாத இரண்டு பெட்டிகளில் முட்டைகள்! அடையின் ஓர் அறைக்கு மூன்று நான்கு, அறைச்சுவரில் ஒட்டிக்கொண்டு. பதறிப்போய்த் தேனீக்காரருக்குப் போன் போட்டாள்.

"ராணி ரொம்ப நாள் இல்லேன்னா வேலைக்காரத் தேனீங்களே முட்டை போட ஆரம்பிச்சிடும்மா. அதுல ஆண்தான் பிறக்கும், பிரயோஜனமில்ல."

"முட்டை இருந்தா ராணி இருக்குன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"சொன்னேன். ஆனா எப்பவும் அப்படி இல்ல."

அவளுக்கு மண்டை காய்ந்தது. அளவில்தான் கோளாறு என்று நினைத்து ஒன்பது பெட்டியையும் மறுபடி அளந்தாள். ஒரு நூலளவுகூடப் பிசகில்லை. அது இன்னும் குழப்பியது.

இரண்டாம் தடவை புதுக் கூடுகள் வைத்தபோது, பிறந்த ராணிகளின் முதுகில் நாத்தனாரின் நகப்பூச்சால் ஆளுக்கொரு நிறத்தில் பொட்டு வைத்தாள். ஐந்தாம் பெட்டிக்குச் சிவப்பு. இரண்டு வாரம் கழித்துப் பார்த்தால் ஆறாம் பெட்டியில் சிவப்புப் பொட்டு சாவகாசமாக நடந்துகொண்டிருந்தது. ஐந்து காலி.

"நீ ஏதாவது மாத்தி வெச்சியா?"

"அதத் தொட எனக்கென்ன பைத்தியமா? நீங்களே பொட்டு வெக்கும்போது மாத்தி வெச்சிருப்பீங்க."

இருக்குமோ என்று தோன்றியது. தன் கையையே நம்ப முடியாமல் போனது அவளுக்கு அதுதான் முதல் தடவை.

அடுத்த ராணிகள் பறக்கும் வாரத்தில் கடைக்கு லீவு போட்டுவிட்டு, முக்காலியை இழுத்துப் போட்டுப் பெட்டிகளுக்கு எதிரே உட்கார்ந்தாள். மத்தியானம் மூன்று மணிவாக்கில் மஞ்சள் பொட்டுக்காரி ஒருத்தி திரும்பி வந்தாள். இரண்டாம் பெட்டியின் ராணி அவள். அதன் வாசலில் தயங்கினாள், மூன்றாவதற்குப் போனாள், திரும்பி வந்தாள், மறுபடி மூன்றுக்கே போய் உள்ளே நுழைந்தாள். சற்று நேரத்தில் அந்தப் பெட்டித் தேனீக்கள் அந்நிய ராணியான அவளைப் பந்தாகச் சுற்றிக்கொண்டு வெளியே உருண்டன. தரையில் விழுந்தவள் அசையவில்லை.

மில்லி அக்கா திருதிருவென்று விழித்தாள். இப்போது செத்தது எந்தப் பெட்டியின் வாசலில்? ஒரு கணம் பார்வையைத் திருப்பிவிட்டு மறுபடி பார்த்தபோது அவளாலேயே சொல்ல முடியவில்லை. ஓரத்திலிருந்து ஒன்று, இரண்டு என்று விரல்விட்டு எண்ண வேண்டியிருந்தது.

மறுநாள் நாத்தனாரைக் கூப்பிட்டு, "உனக்குத் தோணினபடி பெயின்ட் அடி" என்றாள்.

"நிஜமாவா?"

"நான் பாக்கமாட்டேன். அடி."

ஒன்றில் வட்டம், ஒன்றில் கோணல் கட்டம், ஒன்று முழுக்க நீலம். வாசல்களையும் திசைக்கொன்றாகத் திருப்பி வைத்தார்கள். கோணலைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்குக் கை பரபரத்தது. பல்லைக் கடித்துக்கொண்டாள்.

அடுத்த முறை எட்டு ராணிகள் தங்கின. அறைக்கு ஒரு முட்டை, நடுவாக, நேராக. ஏழு ராணிகள் பொட்டு வைத்த பெட்டியிலேயே இருந்தன. ஆனால் நீலப் பெட்டியில் முட்டையிட்டுக்கொண்டிருந்தவளுக்குப் பொட்டே இல்லை. பூச்சு உதிர்ந்ததா, எங்கிருந்தோ வந்தவளா, ஒன்றும் புரியவில்லை.

"முட்டை ஒழுங்கா இருக்கில்ல? அப்புறம் என்னம்மா?" என்றார் தேனீக்காரர்.

அந்த ஏழு ராணிகளை மட்டும் அவரிடம் கொடுத்தாள். எட்டாவதை, "இது யாருன்னு தெரியாம அனுப்ப மனசு வரல" என்று தானே வைத்துக்கொண்டாள்.