காணாமல் போன கோடு

சுமார் இருபது வருடங்களுக்கு முன்பு பெங்களூரில் ஆராய்ச்சி மாணவியாக இருந்தேன். எலியின் மூளையில் நான் தேடிய புரதம் ஒருநாள் எக்ஸ்ரே ஃபிலிமில் தடித்த கருப்புக் கோடாகத் தெரிந்தது. அன்றே லேப் முழுவதற்கும் மைசூர்பாக் வாங்கிக் கொடுத்துவிட்டேன்.

"பெப்டைட் டெஸ்ட் பண்ணிட்டீங்களா?" என்று கேட்டார் ஸ்டெல்லா. அடுகோடியிலிருந்து வரும் டெக்னீஷியன், என் வயதுதான்.

புரதத்தைத் தேடிப் பிடிப்பது ஆன்டிபாடி; அது பிடித்த இடம்தான் ஃபிலிமில் கோடாக விழும். அந்தப் புரதத்தின் சிறு துண்டைப் போலச் செயற்கையாகச் செய்ததுதான் பெப்டைட். இரண்டையும் முதலிலேயே கலந்துவிட்டால், ஆன்டிபாடி பெப்டைடையே பிடித்துக்கொள்ளும். உண்மையான கோடு பிறகு ஃபிலிமில் விழாது.

செய்து பார்த்தேன். என் கோடு அப்படியே இருந்தது. அப்படியென்றால் அது நான் தேடிய புரதம் இல்லை, வேறு ஏதோ.

வெட்கத்தில் புது ஃபிலிமை டிராயரில் ஒளித்தேன். வெள்ளிக்கிழமை லேப் கூட்டத்தில் பழையதை மட்டும் காட்டிவிடலாம் என்றுகூட நினைத்தேன். மூன்றாம் நாள், "டெஸ்ட் என்ன ஆச்சு?" என்று ஸ்டெல்லா கேட்டபோது பொய் சொல்ல வாய் வரவில்லை. எடுத்துக் கொடுத்தேன்.

அவர் இரண்டு ஃபிலிமையும் விளக்குப் பெட்டியின்மேல் பக்கம் பக்கமாக வைத்தார்.

"பெருசையே பாத்துட்டு இருக்கீங்க. கீழ பாருங்க. பழசுல மெல்லிசா ஒண்ணு இருக்கு, புதுசுல அது காணோம். சும்னே, வீணா மூணு நாள் ஒளிச்சு வெச்சிருக்கீங்களே."

குனிந்து பார்த்தேன். அழுக்கு என்று நான் ஒதுக்கிய மங்கலான கோடு அது. மறுபடியும் செய்து பார்த்தோம், மறுபடியும் அதுதான் மறைந்தது. என் புரதம் அதுவேதான்.

கூட்டத்தில் இரண்டு ஃபிலிமையும் காட்டி, நடந்ததைச் சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான். விடை இருந்த ஃபிலிமையே பயந்து ஒளித்து வைத்தேனே என்று நினைத்தால், இப்போதும் வெட்கமும் சிரிப்பும் சேர்ந்தே வருகின்றன.