பாக்டீரியா நீந்திய மாலை

என் கணவர் போர்வெல் வண்டியில் டிரில்லர். கல்யாணமான மூன்றாம் மாதமே சத்தீஸ்கர் பக்கம் போய்விட்டார். மழைக்காலத்தில் வண்டி நிற்கும்போதுதான் ஊருக்கு, வெண்ணந்தூருக்கு வருவார். நான் தினமும் சேலத்துக்குப் பஸ் ஏறி, ஆய்வுக்கூடத்தில் திரவப் படிகத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன்.

திரவப் படிகம் தண்ணீர் போல ஓடும். ஆனால் அதனுள் இருக்கும் நுண்ணிய குச்சிகளெல்லாம் ஒரே திசை பார்த்துக் கிடக்கும். அதற்குள் பாக்டீரியாவை நீந்தவிட்டால் எந்த அளவு வரை அந்த ஒழுங்கு தாங்கும், எப்போது குலைந்து சுழல ஆரம்பிக்கும் என்பதுதான் என் ஆராய்ச்சி. இரண்டு வருடம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஒரு மாசி மத்தியானம், நுண்ணோக்கிக்குக் கீழே நேர்கோடுகள் மெல்ல வளைந்தன. வளைந்தவை உடைந்து சுழன்றன. பக்கத்தில் யாருமில்லை. உடனே அவருக்குத்தான் போன் செய்தேன். வண்டிச் சத்தத்தில் பாதி காதில் விழவில்லை அவருக்கு. வீடியோ அனுப்பட்டுமா என்றேன். வேண்டாம், வந்து நேரிலேயே பார்க்கிறேன் என்றார்.

வைகாசியில் அவருடைய தங்கை கல்யாணத்துக்கு ஐந்து நாள் வந்தார். நான்கு நாள் பந்தல், மண்டபம், உறவுக்காரர்கள் என்றே போய்விட்டது. ஐந்தாம் நாள் காலையில் ஆய்வுக்கூடத்துக்கு அழைத்துப் போனேன். செருப்பை வெளியே விட்டுவிட்டுக் கோயிலுக்குள் வருவதுபோல வந்தார்.

நாங்கள் போனபோது கரண்ட் இல்லை. ஏசி நின்று அறை கொதித்தது. சூட்டில் திரவப் படிகம் ஒழுங்கையெல்லாம் இழந்து வெறும் திரவமாகியிருந்தது. டார்ச் அடித்துப் பார்த்தும் நுண்ணோக்கியில் ஒரே இருட்டு; குச்சிகள் ஒழுங்காக இருந்தால்தான் அதில் வெளிச்சம் தெரியும். பதினோரு மணிக்குக் கரண்ட் வந்தது. அறை குளிரக் குளிரக் கோடுகள் திரும்பி வந்தன. ஆனால் மூடிய கண்ணாடித் தகடுகளுக்குள் காற்று தீர்ந்து, பாக்டீரியா அசையாமல் கிடந்தது.

அவர் முதுகை வளைத்து வெகுநேரம் பார்த்தார்.

"கோடு கோடா இருக்குது அம்மிணி. இது எப்ப ஆடும்?"

"புதுசா வளக்கோணுங்க. சாயங்காலம் ஆயிரும்."

ஆறு மணிக்கு அவருக்கு ரயில். இன்னொரு நாள் இருக்கக் கூடாதா என்று கேட்க வாய்வரை வந்தது. வண்டியில் மற்றவர்கள் அவருக்காகத்தான் காத்திருக்கிறார்கள் என்று தெரியும். கேட்கவில்லை. அவர் மறுபடி குனிந்து அந்த அசையாத கோடுகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜங்ஷனில் ரயிலேற்றிவிட்டு வீட்டுக்குப் போக மனம் வரவில்லை. ஆய்வுக்கூடத்துக்கே திரும்பிப் போய், காலையில் வளரவிட்டிருந்த புதுப் பாக்டீரியாவைக் கலந்து வைத்துக் கண்ணைப் பதித்தேன். கொஞ்ச நேரத்தில் கோடுகள் நெளிய ஆரம்பித்தன. மாசியில் பார்த்ததைவிட அழகாக இருந்தது. ஈரோடு தாண்டியிருப்பாரா என்று கணக்குப் போட்டேன். பிறகுதான் ரயில் எதிர்த்திசையில் போகிறது என்பது உறைத்தது. பார்க்கப் பிடிக்காமல் விளக்கை அணைத்தேன்.

மூன்றாம் நாள் காட்டுக்குள்ளிருந்து பேசினார். சாப்பாடு, வெயில் எல்லாம் பேசிவிட்டுக் கேட்டார்:

"அன்னைக்கு ஆடுச்சா?"

"ஆடுச்சுங்க."

"எப்பிடின்னு சொல்லு."

சொன்னேன். முதலில் எல்லாம் நேராக இருந்ததை, ஓர் ஓரத்தில் லேசாக வளைந்ததை, அந்த வளைவு பக்கத்துக் கோட்டையும் இழுத்ததை. சுழல் வரைக்கும் வந்தபோது எதிர்ப்பக்கம் மூச்சுச் சத்தம்கூட இல்லை. லைன் எப்போதோ கட்டாகியிருந்தது. அவர் எதுவரை கேட்டாரென்று தெரியவில்லை.