பால்சுறாவின் தொப்புள்கொடி

எனக்குத் தலைப்பிள்ளை பிறந்த வருஷம், காசிமேட்டில் எங்கள் பக்கத்து அறைக்கு ஒரு வாத்தியார் குடிவந்தார். மனிதனுக்கு ஆதி மூதாதை மீன்தான் என்று பிள்ளைகளிடம் சொன்னார்.

“இன்னா வாத்தியாரே, அப்போ நான் கூடையில வெச்சி விக்கிறதெல்லாம் என் சொந்தக்காரங்களா?” என்று கேட்டேன்.

“ரொம்ப தூரத்து சொந்தம்மா!”

அவர் சிரித்தார். எனக்குச் சந்தேகம். சாமியே இல்லை என்று சொல்ல வந்த ஆளோ? ஊர்ப் பெரியவரிடம் போய், “அம்மனைக் கேலி பண்றாரு” என்று இல்லாததைச் சொல்லிப் போட்டுக் கொடுத்தேன். அறையைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள்.

அவர் பெட்டி கட்டிய காலையில், எனக்குப் பால் ஊற வேண்டுமென்று மாமியார் வாங்கிவந்த பால்சுறாவை அறுத்தேன். வயிற்றில் நாலு குட்டிகள். ஒவ்வொன்றையும் தாயோடு பிணைத்து ஒரு கொடி. எத்தனையோ முறை வழித்து எறிந்ததுதான். ஆனால் போன மாதம் மருத்துவச்சி என் பிள்ளைக்கு அறுத்ததும் இதே மாதிரிதானே! கத்தியைக் கீழே வைத்தேன்.

ஈரக் கையோடு பெரியவரிடம் ஓடினேன். “நான் சொன்னது பொய் பெரியவரே. அவுரு அம்மனை ஒண்ணும் சொல்லல.”

“அப்போ நீயும் மீனுதான்னு ஒத்துக்கினியா?”

“அத்த அப்பால பாத்துக்கலாம். மொதல்ல அந்தாளு பெட்டிய எறக்கச் சொல்லுங்க!”

வாத்தியார் தங்கினார். அவர் சொன்னதை இன்றும் நான் முழுசாக நம்பவில்லை. அம்மனுக்குக் கற்பூரம் ஏற்றுவதும் நிற்கவில்லை. ஆனால் வயிறு பெருத்த சுறா வந்தால், கத்தியை மருமகளிடம் கொடுத்துவிட்டு எழுந்துவிடுகிறேன்.