கதவிடுக்கை அடைத்த கதை

நான் வேலை பார்ப்பது நாமக்கல் பக்கத்தில் ஒரு கோழிப் பண்ணையில். நான்கு புறமும் அடைத்த ஷெட். ஒரு முனையில் ஆளுயர மின்விசிறிகள் காற்றை உறிஞ்சி வெளியே தள்ளும். மறுமுனையில் நனைந்த அட்டைகள் வழியாகக் குளிர்ந்த காற்று உள்ளே வரும். நடுவில் ஒரு கதவு சரியாகச் சாத்தவில்லை என்றால் போச்சு, அனல் அந்த வழியாகப் புகுந்துவிடும், கோழிகளுக்கு மூச்சு வாங்கும். ஆகவே கதவிடுக்குகளைத் தடவிப் பார்ப்பதுதான் என் உத்தியோகம் என்று சொன்னாலும் தப்பில்லை. அந்த உத்தியோகத்தை வீட்டுக்கும் தூக்கிக்கொண்டு போனதுதான் தப்பு.

அப்பாவுக்கு மூச்சு இளைப்பு. தூசியும் ஆகாது, வெக்கையும் ஆகாது. ரிக் லாரி ஓட்டிக்கொண்டு ஊர் ஊராக ஆழ்துளைக் கிணறு போட்ட காலத்தில் விழுங்கிய கல்தூசி இன்னும் நெஞ்சுக்குள் இருக்கிறது. அவருக்காக வாசலைப் பார்த்த அறையில் ஏசி போட்டோம். அந்த அறைக்குப் பழைய இரட்டைக் கதவு ஒன்றுதான் வழி. லாரி கேபினைப் பூட்டிக்கொண்டு தூங்கிய பழக்கத்தில், உள்ளே கொக்கியை மாட்டிக்கொண்டுதான் படுப்பார். ஏசி நாளெல்லாம் ஓடியது. அறை குளிரவில்லை, கரண்டு பில்தான் ஏறியது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊதுபத்தியைக் கொளுத்திக்கொண்டு கிளம்பினேன். புகை எங்கே ஆடுகிறதோ அங்கே இடுக்கு இருக்கிறது. பண்ணையில் கற்ற வித்தை. ஜன்னலுக்கு எப்போதிலிருந்து பூசை என்று மனைவி கேட்டுவிட்டுப் போனாள். புகை எல்லா இடத்திலும் கரகாட்டம் ஆடியது. ஜன்னல் சட்டத்தைச் சுற்றிப் பசை பிதுக்கி அடைத்தேன். வெயில் படாமலிருக்கக் கண்ணாடிக்குக் கறுப்புத் தாள் ஒட்டினேன். கதவுக்கு அடியில் பிரஷ் பட்டை. இரண்டு கதவும் சேருமிடத்தில் விரல் நுழையும் அளவு பிளவு. அதை மூடி, வெளிப்பக்கம், ரப்பர் வைத்த அலுமினியப் பட்டையை மேலிருந்து கீழ்வரை ஒரு கதவோடு சேர்த்து முடுக்கினேன். எட்டுத் திருகாணி போதும். கையில் ட்ரில் இருந்தது, பதினாறு போட்டேன்.

சாயங்காலம் பத்திப் புகை நூல் பிடித்தாற்போல் நேராக மேலே போனது. அப்பா குளுகுளுவென்று இருக்கிறது என்றார். ஜேடர்பாளையத்து அணையையே நான்தான் கட்டினேன் என்பது மாதிரி ஒரு வாரம் நடந்தேன். கரண்டு போனாலும் ஃபேன் ஓடும் என்று இன்வெர்ட்டர் லைனை அந்த அறைக்கும் இழுக்கச் சொன்னார் எலக்ட்ரீசியன். ஏசி இருக்கும்போது எதற்கு என்று அவருக்கே பாடம் நடத்தி அனுப்பினேன்.

ஏப்ரல் கடைசியில் ஒரு மதியம் கரண்டு போனது. ஷெட்டில் மின்விசிறிகள் ஒவ்வொன்றாகச் சுழன்று நின்றன. ஜெனரேட்டர் பிடிக்கும்வரை உள்ள அந்தச் சில நொடிகளில் என் கை எப்போதும் கதவுத் தாழ்மேல்தான் இருக்கும். முன்பு வேலை பார்த்த பண்ணையில் ஒரு முறை அது பிடிக்கவில்லை. நாங்கள் ஓடிப்போய்க் கதவுகளைத் திறப்பதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. ஆயிரக்கணக்கில் கோழி நிற்கும் இடத்தில் சத்தமே இல்லாமல் இருந்தால் எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. எல்லாம் தரையோடு தரையாகக் கிடந்தன.

இந்த முறை பிடித்துக்கொண்டது. ஒரு மணி நேரம் நிம்மதியாக இருந்தேன். பிறகு மனைவியின் போன்.

“ஏனுங்க, மாமா இன்னும் எந்திரிக்கலீங்க. கதவத் தட்டுனா சத்தமே இல்லீங்க.”

வண்டியை எப்படி ஓட்டினேன் என்று தெரியவில்லை. முகத்தில் அடித்த அனலில் கண் எரிந்தது. அந்த அனல் அடைத்த அறைக்குள் என்ன செய்யும் என்பது எனக்குத் தெரியும், அதுதானே என் படிப்பு.

வீட்டுக்கு வந்து அவருக்குப் போன் போட்டேன். அது என் முதுகுக்குப் பின்னால், ஹாலில், சார்ஜரில் அடித்தது. ஜன்னலில் எட்டிப் பார்த்தேன். கறுப்புத் தாளில் என் முகம்தான் தெரிந்தது. கண்ணாடியை உடைக்கலாம் என்றால் கட்டில் ஜன்னலை ஒட்டிக் கிடக்கிறது, சில்லு அவர் முகத்தில் விழும். கதவில் காதை வைத்தேன். முன்பெல்லாம் அவர் இளைப்பு வாசலுக்கே கேட்கும். இப்போது ஒன்றுமில்லை, நான் அடைத்த அடைப்பு அப்படி. அவர் கதவைத் திறக்காத நாட்களில் அந்தப் பிளவில் ஆக்சா பிளேடை விட்டுக் கொக்கியைத் தூக்கிவிடுவது வழக்கம். அந்தப் பிளவு மேலேதான் பதினாறு திருகாணி.

ட்ரில்லை எடுத்து வந்து பிளக்கைச் செருகிய பிறகுதான் கரண்டு இல்லை என்பது உறைத்தது, இன்வெர்ட்டர் லைட்டுக்கும் ஃபேனுக்கும் மட்டும்தான். மனைவி திருப்புளியைக் கொடுத்தாள். கீழிருந்து கழற்றினேன். கை வியர்த்து வழுக்கியது. நான்காவதற்குத் தலை தேய்ந்துபோனது. அதைக் குறட்டால் பிடித்துத் திருகும்போது வாய் தானாக “அப்பா, அப்பா” என்று சொல்லிக்கொண்டிருந்தது. அவள் கதவில் உள்ளங்கையால் அடித்துக்கொண்டே இருந்தாள். கொக்கி உயரம்வரை வந்ததும் பட்டையை மடக்கி, பிளேடை உள்ளே விட்டேன். மூன்றாம் முறை கொக்கி எழுந்தது.

கட்டிலில் அப்பா இல்லை. தரையில் குப்புறக் கிடந்தார்.

அந்தப் பழைய பண்ணை ஷெட்டுக்குள் போனபோது நின்றதுபோலவே நின்றேன். மனைவிதான் என்னைத் தாண்டிப் போய் அவர் தோளைத் தொட்டாள். முதுகில் ஈரத் துண்டு போட்டிருந்தார். மெதுவாகத் தலையைத் திருப்பி ஒரு கண்ணைத் திறந்தார்.

“கதவச் சாத்து சாமி. அனல் வருது.”

ரிக் லாரி கம்ப்ரசர் இரைச்சலுக்குப் பக்கத்திலேயே முப்பது வருசம் தூங்கியவர். எங்கள் தட்டல் எந்த மூலைக்கு? கரண்டு போனதும் துண்டை நனைத்துப் போட்டுக்கொண்டு தரையில் படுத்திருக்கிறார். அறை உண்மையிலேயே இன்னும் குளிர்ச்சியாகத்தான் இருந்தது. என் வேலை அவ்வளவு சுத்தம்.  நிலைப்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். அவருக்காகப் போட்டு ஆறிப்போயிருந்த டீயை மனைவி எனக்குக் கொடுத்தாள்.

மறுநாளே இன்வெர்ட்டர் லைன் வந்துவிட்டது. எலக்ட்ரீசியன் சிரிப்பை அடக்கிக்கொண்டார். அலுமினியப் பட்டையைக் கொக்கி உயரத்தில் ஒரு சாண் வெட்டி எடுத்துவிட்டேன். அந்த வழியாகக் குளிர் கொஞ்சம் போகிறது, போகட்டும். கரண்டு போகும் மதியங்களில் ஷெட்டில் ஜெனரேட்டர் பிடித்ததும் வீட்டுக்கு ஓடி வந்து, அந்தப் பிளவில் காதை வைத்து நிற்பேன். இளைப்பு கேட்கும்வரை நகர மாட்டேன்.

நேற்று இளைப்பு கேட்பதற்கு முன்பே உள்ளிருந்து குரல் வந்தது.

“இருக்கறன் சாமி. போய்க் கோழியப் பாரு.”